கணக்கில் ஒரு கால் அதிகம்

மார்ச் 4

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

ஐயா,

உங்கள் கம்பெனியின் பேக்கப் மென்பொருளை நாலு வருடமாகப் பயன்படுத்துகிறேன். இது என் அனுபவத்தைப் பற்றிய புகார்க் கடிதம். உங்கள் அலுவலகத்தில் தபாலில் வரும் புகார்களைப் பிரித்துப் படிப்பது என் தம்பி என்று எனக்குத் தெரியும். இப்போது இதைப் படித்துக்கொண்டிருப்பதும் அவர்தான் என்றால், சொந்தக் கதை எதுவும் வேண்டாம். மற்றவர்களுக்கு எப்படிப் பதில் எழுதுவாரோ அப்படியே எழுதினால் போதும். நாலு வருடமாக நான் அவரோடு பேசுவதில்லை. இந்தக் கடிதத்தையும் பேச்சு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என் தொழில் ஷூ செய்வது. கடையில் தொங்கும் ஷூ எதுவும் பொருந்தாத கால்களுக்கு, அதாவது கோணலான கால், உயரம் குறைந்த கால், விபத்தில் நசுங்கிய கால், இவற்றுக்கு அளவெடுத்துச் செய்கிறேன். முன்பு ஒவ்வொரு காலுக்கும் பிளாஸ்டரில் அச்சு எடுத்துப் பின்னறை அலமாரியில் நம்பர் போட்டு அடுக்கி வைத்திருந்தேன். “யாரு இந்தக் காலத்துல காலையெல்லாம் அலமாரியில அடுக்கி வெப்பாங்க? ஸ்கேன் பண்ணி கம்ப்யூட்டர்ல வெச்சுக்கோ, பேக்கப் நான் போட்டுத் தர்றேன் அக்கா” என்று ஒருவர் ஒற்றைக் காலில் நின்றார். அவர் பேச்சைக் கேட்டு ஸ்கேனர் வாங்கி, ஆறு மாதத்தில் அத்தனை அச்சையும் ஸ்கேன் செய்து, பேக்கப் போட்டதும் அச்சையெல்லாம் உடைத்து மூட்டை கட்டி வெளியே போட்டேன்.

பிப்ரவரி 18 காலை கம்ப்யூட்டரின் டிஸ்க் டக் டக் என்று சத்தம் போட்டுவிட்டு நின்றுபோனது. ரிப்பேர்காரர் கையை விரித்துவிட்டார். எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வைத்த பேக்கப் பெட்டிதான் இருக்கிறதே என்று தைரியமாகப் புதுக் கம்ப்யூட்டரில் செருகினேன். பாஸ்வேர்டு கேட்கிறது. அது சேமிக்கும்போது நாலு வருடத்தில் ஒரு முறைகூடக் கேட்கவில்லை, திறக்கும்போதுதான் கேட்கிறது. பாஸ்வேர்டுக்குக் கீழே குறிப்பு என்று ஒரு வரி வருகிறது. நான் எழுதியதுதான். “போகும்போது தம்பி சொன்னது.”

அன்று போகும்போது அவர் என்ன சொன்னார் என்று எனக்கு மறக்கவில்லை. மறக்கக்கூடியதாகவும் இல்லை. அதைத்தான் தட்டினேன். வழக்கம்போலத் தமிழை ஆங்கில எழுத்தில், இடைவெளி விடாமல். தவறு என்றது. ஒன்பது விதமாகத் தட்டினேன். ஒன்பதும் தவறு.

தண்ணீர் மீட்டர் பார்க்கும் அம்மா ஒருவர் என் வாடிக்கையாளர். லாரி ஏறி இடது பாதம் நசுங்கியவர். அவர் காலுக்கு ஷூ சரியாக வருவதற்குள் ஒன்பது முறை போட்டுப் பார்த்து, ஐந்து மாதம் ஆனது. அந்த வடிவம் இந்தப் பெட்டிக்குள் மட்டும்தான் இருக்கிறது. இப்போது அவர் ஷூ பிளந்துவிட்டது. தினமும் பத்துப் பன்னிரண்டு தெரு நடக்கிறவர்.

பெட்டியைத் திறக்க வழி சொல்லவும்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்


மார்ச் 12

அன்புள்ள வாடிக்கையாளருக்கு,

உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு எங்கள் கம்பெனி மிகவும் வருந்துகிறது.

உங்கள் பாஸ்வேர்டு எங்களிடம் இல்லை. பாஸ்வேர்டு இல்லாமல் திறக்கும் பின்வாசல் எதுவும் நாங்கள் வைப்பதில்லை. மக்கள் எங்களை வாங்குவதும் அதற்காகத்தான், திட்டுவதும் அதற்காகத்தான். பத்து முறை தவறாகத் தட்டினால் பெட்டி ஒரு நாள் பூட்டிக்கொள்ளும், மறுநாள் மறுபடி தட்டலாம். ஃபைல்கள் அழியாது. ஆகவே பயப்பட வேண்டாம், அவசரமும் வேண்டாம்.

இது உங்களுக்கு மட்டும் நேர்ந்தது என்று நினைக்க வேண்டாம். போன மாதம் ஒருவர் எழுதினார். ஆறு வருடம் ஒரு நாள் தவறாமல் பேக்கப் எடுத்திருக்கிறார், அதே டிஸ்க்கிலேயே. டிஸ்க் போனபோது இரண்டும் சேர்ந்து போயின. ஒரு பல் டாக்டர் பேக்கப் பெட்டியைக் கம்ப்யூட்டரின் தலையிலேயே வைத்திருந்தார். மேல்மாடிக் குழாய் உடைந்து இரண்டும் ஒன்றாகக் குளித்தன. இன்னொரு பெண்மணி பாஸ்வேர்டை மறந்துவிடுவோம் என்று பயந்து அதை ஒரு ஃபைலில் எழுதி, அந்த ஃபைலையும் பேக்கப்புக்குள்ளேயே போட்டுப் பூட்டிவிட்டார். இவர்களோடு ஒப்பிட்டால் உங்கள் நிலைமை மோசமில்லை. உங்களிடம் சாவி இருக்கிறது, எந்தப் பையில் என்றுதான் தெரியவில்லை.

குறிப்பில் வரும் நபரை விசாரித்தோம். அன்று போகும்போது தான் எதுவும் சொன்னதாக அவருக்கு நினைவில்லை.

பெட்டியைச் செருகியதும் திரையில் வரும் விவரங்களை, தேதி, நேரம், எண்ணிக்கை உட்பட, ஒன்றுவிடாமல் எழுதி அனுப்பவும்.

சேவைப் பிரிவு

பி.கு.: ஸ்கேன் செய்யச் சொல்லி ஒருவர் ஒற்றைக் காலில் நின்றது உண்மை. அச்சை உடைக்கச் சொல்லி நிற்கவில்லை.


மார்ச் 20

ஐயா,

நினைவில்லையாம்! வாய்க்கு வந்ததைச் சொல்கிறவருக்கு நினைவிருக்காது, வாங்கிக்கொண்டவளுக்கு இருக்கும். அவருக்கு நினைவூட்ட வேண்டுமானால் நானே சொல்கிறேன். “அப்பாவ வேலைக்காரனாக்கி வித்துட்டே, நீயெல்லாம் ஒரு பொண்ணா?” என்று, தையல்காரம்மா காதில் விழும்படி, கடை வாசலில் நின்று சொன்னார். ஷூவுக்கு மேல்தோல் தைக்கும் அந்த அம்மா என்னிடம் பதினோரு வருடமாக இருக்கிறார். அன்று அவர் தலையைத் தூக்கவே இல்லை. அப்பா அதற்கப்புறம் எட்டு மாதம்தான் இருந்தார். அப்பா போன அன்று என் தம்பி வந்தார், ஓரமாக நின்றார், போனார். ஃபோன் நம்பரை மாற்றிக்கொண்டார். சேவைப் பிரிவு இதையும் பதிவு செய்துகொள்ளட்டும்.

திரையில் இருப்பது இது:

முதல் பேக்கப், செப்டம்பர் 14, மாலை 6.52. ஃபைல்கள் 681.
கடைசி பேக்கப், பிப்ரவரி 17, காலை 9.10. ஃபைல்கள் 1013.
ஃபைல் பெயர்கள் பூட்டப்பட்டுள்ளன.

உங்கள் மென்பொருளுக்கு எண்ணக்கூடத் தெரியவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் ரிஜிஸ்டரில் அந்த செப்டம்பரில் முந்நூற்று நாற்பது பேர். ஆளுக்கு இடது ஒன்று, வலது ஒன்று. 680 வர வேண்டும். ஒரு காலோடு வருகிறவர்களுக்கு நான் செய்வதில்லை, அதற்கு வேறு ஆள் இருக்கிறார். பிறகு எப்படி 681? 1013-ம் ஒற்றைப்படைதான். காலைக்கூட ஒழுங்காக எண்ணத் தெரியாத பெட்டியை நம்பித்தான் அலமாரியைக் காலி செய்தேன்.

மீட்டர் அம்மா நேற்று வந்தார். பழைய ஷூவை நாடா வைத்து இறுக்கிக் கட்டிக்கொண்டு நடந்ததில் பாதத்தின் ஓரம் புண்ணாகிவிட்டது. “பரவால்லம்மா, நீங்க மெதுவா பண்ணுங்க” என்கிறார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். புண் ஆறும்வரை அந்தக் காலில் பிளாஸ்டர் போடக் கூடாது, ஸ்கேனரில் ஊன்றவும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஷூ இல்லாமல் நடந்தால் புண் ஆறாது. புண் ஆறாமல் அளவெடுக்க முடியாது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

வாடிக்கையாளர்


மார்ச் 29

அக்கா,

சேவைப் பிரிவு இதை எழுதவில்லை. அலுவலகத் தாளிலும் எழுதவில்லை, பார்.

நினைவில்லை என்று எழுதியது பொய். ஒவ்வொரு எழுத்தும் நினைவிருக்கிறது. ஆனால் நீ எழுதியிருப்பதை நான் சொல்லவில்லை. வித்துட்டே என்று சொல்லவில்லை. நீயெல்லாம் ஒரு பொண்ணா என்றும் சொல்லவில்லை. நான் சொன்னது இதுதான்: “நீ அப்பாவப் பார்த்துக்கல. கடைக்கு ஒரு காவலாள் வேணும்னு வெச்சிருக்கே.”

இதை என் கையால் எழுதுவதற்கு எனக்கு மூன்று நாள் ஆனது. இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். தினமும் பத்துப் பதினைந்து பேர், டிஸ்க் போயிற்று, கல்யாணப் படம் போயிற்று, பத்து வருட உழைப்பு போயிற்று என்று எழுதுகிறார்கள். அத்தனை பேருக்கும் “வருந்துகிறோம்” என்று ஒரே கையெழுத்தில் எழுதுகிறேன், கை வலிப்பதில்லை. இது வலித்தது.

அன்று நான் ஆறு மாதம் கழித்து வந்தேன். அப்பா உன் கடை வாசலில், முதுகு சாயாத அந்த உயர ஸ்டூலில், சாவிக்கொத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் “மேடம் உள்ள இருக்காங்க, உக்காருங்க” என்றார். என்னை அடையாளம் தெரியவில்லை, வாடிக்கையாளர் என்று நினைத்துவிட்டார். அன்று முழுவதும் உன் ஸ்கேனரைக் கழற்றிச் சரிசெய்வதும் பேக்கப் மென்பொருளை ஏற்றுவதுமாக அதை மனதில் அடக்கிக்கொண்டே இருந்தேன். சாயங்காலம் உன் மேல் கொட்டிவிட்டேன். ஆறு மாதம் எட்டிப்பார்க்காதவன் நான், கோபப்பட்டது உன்மேல். இதுதான் நடந்தது. இதைச் சொல்ல வெட்கமாக இருந்ததால்தான் நம்பரை மாற்றினேன்.

மேலே இருக்கும் வாக்கியத்தை அப்படியே தட்டு. திறக்கும் என்று நினைக்கிறேன். திறந்த பிறகு என்னோடு பேச வேண்டியதில்லை. மீட்டர் அம்மாவுக்கு ஷூ செய்தால் போதும்.

தம்பி


ஏப்ரல் 7

தம்பி,

திறக்கவில்லை.

பாதி வாக்கியம், முழு வாக்கியம், முன்பாதியை விட்டு, பின்பாதியை விட்டு, எல்லாம் போட்டுப் பார்த்தேன். மூன்று நாள், பத்துப் பத்தாக முப்பது முறை. தையல்காரம்மா பக்கத்தில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினார்.

அவரிடம் கேட்டேன். நீ எழுதியதுதான் சரி என்கிறார். “வித்துட்டேன்னெல்லாம் தம்பி சொல்லலைங்க. அத நீங்கதான் போன வருஷத்துல இருந்து சொல்றீங்க” என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாலு வருடமாக உன்னை மனதுக்குள் திட்டித் திட்டி, திட்டுவதற்கு வசதியாக உன் வாயில் நானே இரண்டு வார்த்தை கூடுதலாகப் போட்டுவிட்டேன் போலிருக்கிறது. அந்த இரண்டு வார்த்தைக்கு மன்னித்துவிடு. மீதிக்கு நீ மன்னிப்புக் கேள்.

நீ சொன்னதில் ஒன்று உண்மை. காவலுக்குத்தான் வைத்திருந்தேன். வீட்டில் விட்டால் கதவைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கிவிடுவார். இரண்டு முறை பஸ் ஸ்டாண்டில் போய்ப் பிடித்து வந்தேன். ஒரு நாள் கடையில் சாவிக்கொத்தைக் கையில் கொடுத்து, “அப்பா, நான் சாப்பிட்டு வர்றேன், கடையைப் பாத்துக்கோங்க” என்றேன். வரும்வரை இடத்தை விட்டு அசையவில்லை. அதிலிருந்து சாவி கையில் இருந்தால் எங்கும் போகமாட்டார். அவருக்கு அது வேலை. முதுகு சாயும் நாற்காலி போட்டுப் பார்த்தேன். “வேலை நேரத்துல சாஞ்சு உக்காரக் கூடாதும்மா” என்று ஸ்டூலுக்கே போய்விட்டார். அன்று நீ கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நானாகச் சொல்லியிருக்கலாம். எனக்கும்தான் மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

சரி, விடு. பாஸ்வேர்டு போனது போனதுதான். மீட்டர் அம்மா வீட்டில் படுத்திருக்கிறார், அவர் வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிடலாமா என்று மேலதிகாரி கேட்கிறாராம். புண் ஆறியதும் முதல் அளவிலிருந்து தொடங்க வேண்டும். மற்றவர்களையும் ஒவ்வொருவராக வரச்சொல்லி எழுதப் போகிறேன். ரிப்பேர்காரர் இருபதாம் தேதி வருகிறார். இந்தப் பெட்டியில் இருப்பதையெல்லாம் துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கச் சொல்லியிருக்கிறேன். இந்த முறை குறிப்பில் உன்னை இழுக்க மாட்டேன்.

அக்கா


ஏப்ரல் 14, துரிதத் தபால்

அக்கா, பெட்டியைத் துடைக்காதே!

கடைக்கு ஃபோன் செய்தேன். தையல்காரம்மா எடுத்தார். “அவங்க பேசமாட்டாங்க தம்பி, கடுதாசியே போடுங்க” என்றார். அவரிடமே சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னேன். “உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல வார்த்தையத் தூக்கிட்டுப் போற வேலை எனக்கு வேண்டாம். அன்னிக்குக் காதுல விழுந்ததே போதும்” என்று வைத்துவிட்டார். அதனால்தான் இந்தத் தபால்.

உன் மார்ச் 20 கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். 681. நீ என் மென்பொருளைத் திட்டிய இடத்தை நான் அப்போது கண்ணை ஓட்டிவிட்டுத் தாண்டிவிட்டேன். வாடிக்கையாளர் திட்டும் இடத்தைத் தாண்டிப் படிப்பது எங்களுக்குப் பழக்கம். அக்கா, அந்தப் பெட்டி சரியாகத்தான் எண்ணியிருக்கிறது. அந்த ஒற்றைக் கால் என்னுடையது.

அன்று சாயங்காலம் ஸ்கேனர் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று கடைசியாக ஒரு முறை பார்க்க, வலது சாக்ஸைக் கழற்றிவிட்டு என் காலையே வைத்து ஸ்கேன் செய்தேன். இடதையும் வைப்பதற்குள் நமக்குள் சண்டை வந்துவிட்டது. அந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டு அப்படியே ஷூவை மாட்டிக்கொண்டு இறங்கினேன். தெருமுனை வரைக்கும் போன பிறகுதான் வலது காலில் சாக்ஸ் இல்லை என்று தெரிந்தது. கோபமாகக் கிளம்பிப் போனவன் ஒரு சாக்ஸுக்காகத் திரும்பி வந்தால் எப்படி இருக்கும்? வந்தேன். நீ ஸ்கேனருக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். சாக்ஸை எடுத்தேன். அப்படியே போக மனம் வரவில்லை, மன்னிப்புக் கேட்கவும் வாய் வரவில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, “என் காலையும் அதுல வெச்சிருக்கேன், அழிச்சிடாதே” என்று சொல்லிவிட்டுப் போனேன். நீ திரும்பவே இல்லை. காதில் விழவில்லை என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். பிறகு நானே மறந்துபோனேன். எனக்கும் அந்தத் திட்டுதான் கடைசி வார்த்தை என்று பதிந்துவிட்டது.

போகும்போது சொன்னது அது இல்லை. இதுதான். தட்டிப் பார்.

தம்பி


ஏப்ரல் 27

டேய் பூசணி,

உன் தபால் பதினெட்டாம் தேதி வந்தது. கையில் பசை, அப்படியே உட்கார்ந்து தட்டினேன். “என் காலையும் அதுல வெச்சிருக்கேன், அழிச்சிடாதே.” தவறு என்றது. முன்பாதியை விட்டுத் தட்டினேன், தவறு. பெட்டியைத் தள்ளி வைத்தேன். தையல்காரம்மா எழுந்து தண்ணீர் கொண்டுவரப் போனார்.

அப்போதுதான் தோன்றியது. நீ என்னிடம் எதைச் சொன்னாலும் கடைசியில் அக்கா என்று ஒட்டாமல் முடிக்க மாட்டாய். திட்டினால்கூட ஒட்டுவாய். கடிதத்தில் அதை விட்டுவிட்டாய். நான் கடைசியில் அக்கா என்று சேர்த்தேன்.

திறந்தது.

ஆயிரத்துப் பதின்மூன்றும் ஒவ்வொன்றாக வரிசையாக வந்து இறங்கின. நான் அழுதேன், அதை மறைக்கப் போவதில்லை. அன்று காதில் விழுந்ததடா. நீ போனதும் இந்தப் பெட்டி, “மறக்க முடியாத ஒரு வாக்கியத்தைக் கொடுங்கள்” என்று கேட்டது. உன் திட்டைக் கொடுக்காமல் இதைத்தான் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு எனக்கு இதுதான் பெரிதாக இருந்திருக்கிறது. அப்புறம் அப்பா போனார், நீ ஓரமாக நின்றுவிட்டுப் போனாய், எனக்குள் இது எப்போது அடியில் போனது, அந்தத் திட்டு எப்போது மேலே வந்தது என்று தெரியவில்லை.

மீட்டர் அம்மாவின் ஷூ வெள்ளிக்கிழமை முடிந்தது. புண்ணுக்கு மட்டும் இடம் விட்டு உள்ளே மெத்தென்று வைத்திருக்கிறேன். கடைக்குள் நாலு நடை நடந்தார், வலிக்கவில்லை என்றார். திங்கட்கிழமையிலிருந்து வேலைக்குப் போகிறார். புகாரை மூடிவிடு. உங்கள் தாளில் திருப்திக்கு ஐந்து கட்டம் இருக்கிறது. நாலில் டிக் செய்து இத்தோடு வைத்திருக்கிறேன். சேமிக்கும்போதே அவ்வப்போது பாஸ்வேர்டைக் கேட்டிருந்தால் ஐந்தாக இருந்திருக்கும், இதை உன் மேலதிகாரியிடம் சொல்.

அப்பாவின் கால் ஒன்றாம் நம்பர். அதைத் திறந்து, உன் காலை அதன் மேல் வைத்துப் பார்த்தேன். பெருவிரலில் அதே கோணல், குதிகாலில் அதே சரிவு. நீ இத்தனை நாள் கடை ஷூவைப் போட்டுக்கொண்டு எப்படித்தான் நடந்தாயோ. உனக்கு அந்த விரல் ஓரம் வலிக்கும், நீ சொல்லியிருக்க மாட்டாய்.

அதனால் உனக்கு ஒரு ஷூ செய்தேன். கறுப்பு, நாடா வைத்தது, தையல்காரம்மா தன் கையால் இரட்டைத் தையல் போட்டிருக்கிறார். ஒன்றுதான், வலது கால். அப்பாவின் ஸ்டூல் மேல் வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் எல்லாம் மற்றது எங்கே என்று கேட்கிறார்கள்.

இடது காலுக்கு அளவு என்னிடம் இல்லை. அதைத் தபாலில் அனுப்ப முடியாது. நீதான் கொண்டு வர வேண்டும்.

அக்கா